நட்சத்திர முக்கோணம்: உட்புற லூப்பின் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிவு 1 · இழையைத் தொடங்கியவர்

வணக்கம். நிரலெழுதக் கற்கத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஒற்றை லூப், அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சுற்று, எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டுவது, ஒற்றைப்படை எண்களை மட்டும் அச்சிடுவது போன்றவற்றை எந்த உதவியுமின்றி எழுதிவிடுகிறேன். ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் வந்தவுடன்தான் கை நின்றுவிடுகிறது. நட்சத்திர முக்கோணத்துக்கான விடையைப் பார்த்து எழுதினால் நிரல் ஓடுகிறது, ஆனால் அதே முக்கோணத்தைத் தலைகீழாக அச்சிடச் சொன்னால் எந்த எண்ணை எங்கே மாற்றுவது என்று தெரியாமல் கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தற்செயலாகச் சரியாக வந்தாலும் ஏன் சரியாக வந்தது என்று சொல்லத் தெரிவதில்லை.

விடையைப் பார்க்காமல் நானே எழுதிய முயற்சி கீழே உள்ளது. எந்த மொழிக்காரருக்கும் புரியட்டும் என்று அதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

வரி = 1 முதல் 5 வரை
    இடம் = 1 முதல் 5 வரை
        அச்சிடு *
        புதுவரிக்குச் செல்

முக்கோணம் வரவில்லை. திரையில் நட்சத்திரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளமாக இறங்கிக்கொண்டே போகின்றன. எங்கே தவறினேன்?


பதிவு 2 · கற்பிப்பவர்

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். திரையில் இறங்கிய நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். 25 இருக்கும். வெளிப்புற லூப் ஐந்து முறை சுற்றியது, அதன் ஒவ்வொரு சுற்றிலும் உட்புற லூப் முழுமையாக ஐந்து முறை சுற்றி முடித்தது என்பதற்கு அந்த 25 தான் சாட்சி. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று வைப்பதில் நீங்கள் தவறவில்லை. தவறியவை இரண்டு சின்ன விஷயங்கள், அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றாகப் போகலாம்.

முதலாவது, புதுவரிக்குச் செல்லும் கட்டளை. அது உட்புற லூப்புக்குள் இருப்பதால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்குப் பின்னும் வரி உடைகிறது. ஒரு வரி முழுதும் எழுதி முடித்த பிறகு ஒரே ஒருமுறை உடைய வேண்டும்; அதாவது, உட்புற லூப்புக்கு வெளியே, வெளிப்புற லூப்புக்கு உள்ளே அது நிற்க வேண்டும். நீங்கள் பைத்தானில் எழுதுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே அச்சிடும் கட்டளை தானாகவே வரியை முறித்துவிடும், முறிக்காதே என்று தனியாகச் சொல்ல வேண்டும். சி மொழியில் இது நேர்மாறு. நீங்கள் கேட்டாலொழிய வரி முறியாது.

இதை மட்டும் திருத்தி ஓட்டினால் ஐந்துக்கு ஐந்து சதுரம் வரும். சதுரம் வந்த பிறகு இரண்டாவதுக்கு வாருங்கள்: உட்புற லூப்பின் எல்லையாக எழுதியிருக்கும் அந்த 5. அது எல்லா வரியிலும் 5 ஆகவே இருப்பதால்தான் சதுரம் வருகிறது. முக்கோணத்தில் முதல் வரிக்கு 1, இரண்டாம் வரிக்கு 2, மூன்றாம் வரிக்கு 3 என்று எல்லை மாறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அப்படி மாறிக்கொண்டே இருக்கும் எண் ஒன்று உங்கள் நிரலில் ஏற்கெனவே இருக்கிறதல்லவா? அதன் பெயர் வரி.

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன்பு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் வரி எண், வலப்பக்கம் அந்த வரியில் எத்தனை நட்சத்திரம். வலப்பக்க எண்ணை இடப்பக்க எண்ணிலிருந்து எப்படிப் பெறுவது என்ற கேள்விக்கான பதில்தான் உட்புற லூப்பின் எல்லை. தலைகீழ் முக்கோணத்துக்கும் இதையே செய்து பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை.


பதிவு 3 · இழையைத் தொடங்கியவர்

மிக்க நன்றி ஐயா. சதுரம் வந்தது, எல்லையில் 5 க்குப் பதிலாக வரி என்று எழுதியதும் முக்கோணம் வந்தது. தலைகீழுக்குத் தாளில் போட்ட பத்தி இப்படி இருந்தது:

வரி 1 – 5
வரி 2 – 4
வரி 3 – 3
வரி 4 – 2
வரி 5 – 1

கொஞ்ச நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வரியை எடுத்தாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 6 ஆக இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. எனவே எல்லை 6 − வரி. இத்தனை நாளும் 5 − வரி என்று போட்டு, கடைசி வரி காணாமல் போகிறதே என்று தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அது ஏன் காணாமல் போனது என்றும் சொல்ல முடிகிறது: ஐந்தாம் வரியில் 5 − 5 பூஜ்ஜியம்.

அடுத்து, நடுவில் நிற்கும் கூம்பு வடிவத்தை முயன்றேன். ஐந்து வரிகளும் வருகின்றன, ஆனால் கூம்பு நேராக நிற்காமல் வலப்பக்கமாகச் சரிகிறது. நட்சத்திரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு நட்சத்திரத்துக்குப் பின்னும் ஓர் இடைவெளி விட்டிருக்கிறேன். இடைவெளிக்கு ஒரு லூப், நட்சத்திரத்துக்கு ஒரு லூப் என்று இரண்டு வைத்திருக்கிறேன். ஏன் சரிகிறது?


பதிவு 4 · பணியிலிருக்கும் நிரலாளர்

அழகுக்காக விட்ட அந்த இடைவெளியே காரணம். கூம்புக்கான அட்டவணையில் இரண்டு பத்திகள் அல்ல, மூன்று பத்திகள் வேண்டும்.

வரி 1 – முன்னே இடைவெளி 4 – நட்சத்திரம் 1
வரி 2 – முன்னே இடைவெளி 3 – நட்சத்திரம் 3
வரி 3 – முன்னே இடைவெளி 2 – நட்சத்திரம் 5
வரி 4 – முன்னே இடைவெளி 1 – நட்சத்திரம் 7
வரி 5 – முன்னே இடைவெளி 0 – நட்சத்திரம் 9

இடைவெளி ஒவ்வொன்றாகக் குறைகிறது, ஆகவே 5 − வரி. நட்சத்திரம் இரண்டிரண்டாகக் கூடுகிறது, ஆகவே 2 × வரி − 1. வரிக்கு இரண்டு நட்சத்திரம் கூடும்போது ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் போய்ச் சேர வேண்டும். முன்னேயுள்ள இடைவெளி ஒன்று குறைவதால்தான் இடப்பக்கத்தில் ஒன்றுக்கு இடம் கிடைக்கிறது. இந்தக் கணக்கு ஒரு நட்சத்திரம் ஓர் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. நீங்களோ ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு இடங்களைக் கொடுத்துவிட்டு, முன்னேயுள்ள இடைவெளிக்கு மட்டும் ஓர் இடத்தையே வைத்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வரியின் நடுப்புள்ளியும் முந்தைய வரியின் நடுப்புள்ளியைவிட ஓர் இடம் வலப்பக்கமாக நகர்ந்திருக்கும்.

இதைத் திருத்த இரண்டு வழிகள் உள்ளன. நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை எடுத்துவிடலாம். அல்லது அதை அப்படியே வைத்துக்கொண்டு, நட்சத்திரங்களின் எண்ணிக்கையை 2 × வரி − 1 இலிருந்து வெறும் வரி என்று மாற்றலாம். அப்போதும் கூம்பு நேராகவே நிற்கும், ஆனால் 1, 2, 3, 4, 5 என்று தள்ளித்தள்ளி நிற்கும் நட்சத்திரங்களோடு. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, இரண்டாவது ஏன் வேலை செய்கிறது என்று தாளில் விளக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. கூம்பில் உட்புற லூப்புகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக அல்ல. புதிதாகக் கற்பவர்களில் பலர் மூன்று அடுக்காக உள்ளே தள்ளிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, நல்லது. திரையில் சரியாக வரும் கூம்பை வேறெங்காவது ஒட்டிப் பார்க்கும்போது மறுபடியும் சரிந்தால் நிரலைத் தொடாதீர்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துரு அங்கே இல்லை என்பதே காரணமாக இருக்கும்.


பதிவு 5 · மாற்றுக் கருத்துடையவர்

யாரையும் புண்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. பல ஆண்டுகளாக நிரலெழுதிச் சம்பளம் வாங்குகிறேன்; ஒருநாள்கூட எவரும் என்னிடம் கூம்பு அச்சிடச் சொன்னதில்லை. பைத்தானில் நட்சத்திரத்தை வரி எண்ணால் பெருக்கினால் உட்புற லூப்பே தேவையில்லை, முக்கோணம் வந்துவிடும். ஆர்வத்தோடு கற்க வருகிறவர்களை இந்த நட்சத்திரங்களில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்து, தங்களுக்கு நிரலெழுத வராது என்று அவர்களே முடிவுகட்டும்படி செய்துவிடுகிறோம் என்பது என் வருத்தம். லூப்புக்குள் லூப் கற்பிக்க வேண்டுமென்றால் வரிசையும் பத்தியுமாக இருக்கும் ஓர் அட்டவணையைக் கொடுத்து, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையைக் கேட்கலாமே? அதில் பொருள் இருக்கிறது.


பதிவு 6 · கற்பிப்பவர்

உங்கள் வருத்தத்தில் பாதியை நானும் பகிர்ந்துகொள்கிறேன். முப்பது வடிவங்களுக்கு முப்பது நிரல்களை மனப்பாடம் செய்ய வைக்கும் முறை உண்மையிலேயே தீங்கானது. எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புரிந்துவிட்டால் ஐந்தாறு வடிவங்களோடு நிறுத்திக்கொண்டு மேலே போய்விட வேண்டும்.

ஆனால் வரிசைக் கூட்டுத்தொகையை வைத்து மட்டும் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கணக்கில் உட்புற லூப்பின் எல்லை எல்லா வரிசைக்கும் ஒன்றே. அது இங்கே நாம் பார்த்த சதுரம். வெளிப்புற லூப்பின் மாறியை, அதாவது சுற்றுக்குச் சுற்று மாறும் வரி என்ற எண்ணை, சார்ந்து உட்புற எல்லை மாறும் இடம்தான் கடினமானது, முக்கோணம் அதைத்தான் கேட்கிறது. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, தேவையானால் இடம் மாற்றி வரிசைப்படுத்தும் குமிழி வரிசையாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு எண் தனக்குரிய இடத்தில் போய் நின்றுவிடுவதால் அடுத்த சுற்றில் ஒப்பீடு ஒன்று குறைகிறது. ஒரு பட்டியலில் உள்ளவற்றை ஒரு சோடியையும் இருமுறை பார்க்காமல் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்றாலும் இதே குறைந்துகொண்டே போகும் எல்லைதான். இவை எல்லாமே தலைகீழ் முக்கோணங்கள்.

பெருக்கல் குறியால் முக்கோணம் வருகிறது என்பது சரி. அங்கே லூப் இல்லாமல் போய்விடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. வேலைக்கு அது நல்ல வழி. லூப்பைக் கற்கும் நாளில் அது கற்க வேண்டியதையே மறைத்துவிடும்.

வடிவங்களை நான் விடாமல் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் வேறு. கூட்டுத்தொகை தவறினால் 47 என்று வர வேண்டிய இடத்தில் 41 என்று வரும். அந்த 41 எதையும் சொல்லாது. வடிவம் தவறினால் எங்கே தவறியது என்பதைத் தவறே காட்டிக்கொடுக்கும். கடைசி வரி இல்லையென்றால் எல்லையில் ஒன்று குறைகிறது. எல்லாம் ஒரே வரியில் ஓடினால் வரி முறிக்கும் கட்டளை இல்லை. கூம்பு சரிந்தால் அகலக் கணக்குப் பிழை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் திரை பேசுகிறது.


பதிவு 7 · இன்னொரு கற்பவர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஒரு சிக்கல். நான் இதையே நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றும் ஒயில் லூப்பில் எழுதிப் பார்த்தேன். வரியை முறிக்கும் கட்டளை சரியான இடத்தில்தான் இருக்கிறது, எல்லையும் வரி என்றே இருக்கிறது. ஆனாலும் முக்கோணத்துக்குப் பதிலாக ஒற்றைப் பத்தியாக நட்சத்திரங்கள் இறங்குகின்றன, இழையைத் தொடங்கியவருக்கு வந்தது போலவே.

வரி = 1
இடம் = 1
வரி 5 ஐத் தாண்டாதவரை
    இடம் வரியைத் தாண்டாதவரை
        அச்சிடு *
        இடத்தில் 1 கூட்டு
    புதுவரிக்குச் செல்
    வரியில் 1 கூட்டு


பதிவு 8 · பணியிலிருக்கும் நிரலாளர்

எத்தனை நட்சத்திரங்கள் இறங்கின என்று எண்ணினீர்களா? இந்த இழையில் எண்ணுவதுதான் மருத்துவரின் நாடிபார்ப்பு. முதல் பதிவில் 25 இறங்கின. எல்லை சரியாக இருந்து, வரியை முறிக்கும் கட்டளை மட்டும் உள்ளே போயிருந்தால் 15 இறங்கும். 1, 2, 3, 4, 5 ஆகியவற்றின் கூட்டு அது. உங்களுக்கு 5 மட்டுமே இறங்கியிருக்கும். பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரியான ஒற்றைப் பத்திதான், நோய் வேறு.

கையால் ஓட்டிப் பார்ப்போம். முதல் வரியில் இடம் 1. ஒரு நட்சத்திரம் அச்சாகிறது, இடம் 2 ஆகிறது, 2 என்பது 1 ஐத் தாண்டிவிட்டதால் உட்புற லூப் முடிகிறது. இரண்டாம் வரிக்கு வரும்போது இடம் 1 க்குத் திரும்பவில்லை, 2 ஆகவே நிற்கிறது. எனவே ஒரே ஒரு நட்சத்திரம் அச்சாகி 3 ஆகிறது. மூன்றாம் வரியிலும் அதே கதை. இடம் எப்போதும் வரியைத் துரத்திப் பிடித்து, ஒரே ஒரு நட்சத்திரத்தோடு நின்றுவிடுகிறது. இடம் = 1 என்ற கட்டளையை வெளிப்புற லூப்புக்குள், உட்புற லூப்புக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள்; சரியாகிவிடும். ஃபார் லூப்பில் தொடக்க மதிப்பும் லூப்போடு சேர்ந்தே எழுதப்படுவதால் இந்தப் பிழை அரிதாகவே நேர்கிறது.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற பிழை ஒன்று உண்டு: இரண்டு லூப்புக்கும் ஒரே மாறியை வைப்பது. ஐந்துக்கு ஐந்து சதுரத்தை அப்படி எழுதினால் சி மொழியில் ஒரே ஒரு வரியோடு நிரல் நின்றுவிடும், ஏனென்றால் உட்புற லூப் முடியும்போது அந்த மாறி 6 ஆகிவிடுகிறது, வெளிப்புற லூப்பும் தன் வேலை முடிந்தது என்று கருதிவிடுகிறது. பைத்தானில் அதே தவறு ஐந்து வரிகளையும் ஒழுங்காகவே அச்சிடும். அங்கே வெளிப்புற லூப் அடுத்த மதிப்பை வரிசையிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்கிறது. சரியாக அச்சானதால் தவறே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உட்புற லூப்புக்குப் பிறகு அந்த மாறியை வரி எண்ணாக நம்பிப் பயன்படுத்தும் நாளில் அது கைவிடும்.


பதிவு 9 · இன்னொரு கற்பவர்

எண்ணினேன், 5 தான். கட்டளையை நகர்த்தியதும் முக்கோணம் வந்துவிட்டது. மிக்க நன்றி. நட்சத்திரத்துக்குப் பதிலாக 1, 2 3, 4 5 6 என்று தொடர்ந்து போகும் எண் முக்கோணத்தைச் செய்யும்போது மட்டும் எண்ணை 1 க்குத் திருப்பக் கூடாது என்று இப்போது புரிகிறது. திருப்பினால் ஒவ்வொரு வரியும் 1 இலிருந்தே தொடங்கிவிடுகிறது.


பதிவு 10 · கற்பிப்பவர்

அருமையாகப் பிடித்தீர்கள். ஒரு மாறியை எங்கே தொடங்கிவைக்கிறோம் என்பதே அது எதை நினைவில் வைத்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு லூப்புக்கும் வெளியே தொடங்கினால் முழு வடிவத்துக்கும் நினைவு. வெளிப்புற லூப்புக்குள் தொடங்கினால் ஒரு வரிக்கு மட்டும் நினைவு. நீங்கள் சொன்ன வடிவத்துக்கு ஃபிளாய்ட் முக்கோணம் என்று பெயர். 1978 இல் டூரிங் விருது பெற்ற கணினி அறிவியலாளர் ராபர்ட் ஃபிளாய்டின் பெயர் அது. அதில் வரிகளின் கடைசி எண்களை மட்டும் கீழ்நோக்கிப் படியுங்கள்: 1, 3, 6, 10, 15. மேலே நட்சத்திரங்களை எண்ணிய அதே 15 தான் ஐந்தாம் வரியின் முடிவில் நிற்கிறது. நூறு வரிகள் போட்டால் கடைசி எண் 5050.


பதிவு 11 · மாற்றுக் கருத்துடையவர்

என் கருத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரே மாதிரி தெரியும் மூன்று பத்திகளை 25, 15, 5 என்று எண்ணி மூன்று வெவ்வேறு பிழைகளாகப் பிரித்தது எனக்கே பயனுள்ளதாக இருந்தது. இருந்தாலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எல்லையைக் கண்டுபிடிப்பது ஒரு வழி மட்டுமே. லூப்புகள் இரண்டையும் முழுக் கட்டமாக ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இங்கே நட்சத்திரம் வர வேண்டுமா என்று கேட்பது மற்றொரு வழி. ஒரு படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நிறம் தீட்டும் நிரல்கள் இப்படித்தான் சிந்திக்கின்றன.

ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் வரி 1 அல்லது 5, அல்லது இடம் 1 அல்லது 5 என்றால் மட்டும் நட்சத்திரம், இல்லையென்றால் இடைவெளி என்று சொன்னால் உள்ளே வெறுமையான சதுரம் வரும். அதில் 16 நட்சத்திரங்கள். வைரத்துக்கு மேல் பாதி ஒரு லூப், கீழ் பாதி ஒரு லூப் என்று பலர் எழுதுகிறார்கள். வரியையும் இடத்தையும் −2 முதல் 2 வரை ஓடவிட்டு, இரண்டின் குறியை நீக்கிக் கூட்டினால் 2 க்கு மேல் போகாத இடங்களில் மட்டும் நட்சத்திரம் போடுங்கள்:

  *
 ***
*****
 ***
  *

நிபந்தனை ஒன்றே ஒன்று, நட்சத்திரம் 13. நடுப்புள்ளியைப் பூஜ்ஜியமாக வைத்ததுதான் இதில் செய்த ஒரே வேலை.


பதிவு 12 · இழையைத் தொடங்கியவர்

எல்லாவற்றையும் செய்து பார்க்க நான்கு நாட்கள் ஆயின. கூம்பு நிமிர்ந்துவிட்டது, நட்சத்திரத்துக்குப் பின் இடைவெளி விட்டாலும் வரி எண்ணளவு நட்சத்திரம் போதும் என்பதற்கான காரணமும் தெரிந்துவிட்டது. புதிதாகச் சேரும் நட்சத்திரம் தன் இடைவெளியோடு இரண்டு இடங்களை அடைக்கிறது, அதில் ஒன்று இடப்பக்கம் குறைந்த இடைவெளியிலிருந்து வருகிறது, மற்றொன்று வலப்பக்கம் நீள்கிறது. இடைவெளியை எடுத்துவிட்டு எழுதிய கூம்பில் 1, 3, 5, 7, 9 ஐக் கூட்டினால் முதல் நாள் சதுரத்தில் வந்த அதே 25 வந்ததையும் பார்த்தேன்.

ஐயா ஆறாம் பதிவில் சொன்ன குமிழி வரிசையாக்கம் எங்கள் பாடத்தில் இன்னும் வரவில்லை. ஆனாலும் அது உண்மையிலேயே தலைகீழ் முக்கோணம்தானா என்று பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அதை எழுதி, இரண்டு எண்களை ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் ஒரு நட்சத்திரமும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு புதுவரியும் அச்சிடும்படி வைத்தேன். ஐந்து எண்கள் கொடுத்தேன். எண்கள் வரிசைக்கு வந்தன. அதற்கு மேலே திரையில் இருந்தது இது:

****
***
**
*